எட்ஜ் பேண்ட் எத்தனை மி.மீ. வாங்குவது? – பட்டறை கேள்வி பதில்

மைக்கா என்னும் அலங்காரத் தகடு ஒட்டிய பலகையின் வெட்டிய ஓரத்தை மூட எந்த அளவு எட்ஜ் பேண்ட் பட்டி வாங்குவது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிப் பட்டி வாங்கியதுதான் அவற்றில் பலவற்றுக்கும் பொதுவான சிக்கல். அகலம், தடிமன், வெட்டு அளவு மூன்றையும் இந்த இதழில் பார்த்துவிடலாம். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில்.

கே: 18 மி.மீ. பிளைவுட்டில் வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளே லைனர் என்னும் 0.8 மி.மீ. மெல்லிய மைக்கா ஒட்டி அலமாரி செய்கிறோம். தச்சர் 22 அகலப் பட்டி போதும் என்கிறார். கடைக்காரர் 25 வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

ப: எப்படி ஒட்டப்போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். 18, 1, 0.8, இரண்டு பக்கப் பசைக்கும் சேர்த்து 0.2. ஆகப் பலகையின் முழுத் தடிமன் 20. பட்டியின் அகலம் இதைவிடக் குறைந்தது 2 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது பக்கத்துக்கு 1 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும், ஒட்டிய பிறகு அதைச் சீவி மட்டப்படுத்துவார்கள்.

எட்ஜ் பேண்டிங் மெஷினில் ஓட்டினால் 22 சரி. மெஷின் பட்டியை வழிகாட்டி வைத்து நேராக இழுப்பதால் பக்கத்துக்கு 1 மி.மீ. தாராளம். கையால் ஒட்டும்போது அந்த 1 மி.மீ. எங்கே போனதென்றே தெரியாது. 2100 உயரக் கதவில் பட்டி துளி சாய்ந்து போனாலும் மறுமுனையில் ஒரு பக்கம் பலகை அம்மணமாகத் தெரியும். ரப்பர் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்யவும் விடாது. எனவே கைவேலைக்கு 24. அது கிடைக்காவிட்டால் 25.

மெஷின் வேலையாக இருந்தாலும் 22 பற்றாமல் போகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் 1 மி.மீ. மைக்கா, பிளைவுட்டும் கொஞ்சம் தடித்து 18.4 இருந்தால் மொத்தம் 20.6 ஆகிவிடும். பக்கத்துக்கு 0.7 தான் மிச்சம். அந்த வேலைக்கு 23 அல்லது 24 கேட்டு வாங்குங்கள்.

கே: நாங்கள் வாங்குவது ஏற்கெனவே லேமினேட் செய்துவரும் பார்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளை அழுத்திச் செய்த பலகை. அதற்கும் மைக்காவின் 2 மி.மீ.யைக் கூட்ட வேண்டுமா?

ப: வேண்டாம். இப்படி வரும் ப்ரீலேம் பலகையில் 18 என்றால் மேல்தாளோடு சேர்த்தே 18. அதன் மேலிருக்கும் அலங்காரத் தாள் மெலிசானது, தடிமனில் அதைத் தனியாகக் கணக்கெடுக்க ஒன்றுமில்லை. 21 அல்லது 22 அகலம் பொருந்தும். 16 பலகைக்கு 19 அல்லது 20. 25 பலகைக்கு 28, இல்லையென்றால் 30. 12 மி.மீ. பிளைவுட்டில் இருபுறமும் மைக்கா ஒட்டினால் 14 ஆகும், அதற்கு 16 முதல் 18. மேஜைப் பலகை கனமாகத் தெரிய இரண்டு 18-ஐ ஒன்றாக ஒட்டி, மேலும் கீழும் மைக்கா போட்டால் 38 வரும், 42 தேடுங்கள். தேவையான அகலம் கடையில் இல்லையென்றால் அதற்கு அடுத்த பெரிய அளவு, சின்ன அளவு ஒருபோதும் வேண்டாம். கால் மி.மீ. குறைந்தாலும் பலகையின் வெட்டுமுகம் கோடாகத் தெரியும். பார்டிகிள் போர்டில் அந்தக் கோடு வழியாகத்தான் தண்ணீர் இறங்கி ஓரம் உப்பும்.

கே: வெர்னியர் அளவுகோல் இல்லாமல் பலகையின் தடிமனைச் சரியாக அளக்க வழி உண்டா? டேப்பில் ஒரு தடவை 19, ஒரு தடவை 20 என்று காட்டுகிறது.

ப: அரை மி.மீ. வித்தியாசத்தை டேப்பில் படிக்க முடியாது. மைக்கா ஒட்டிக் காய்ந்த பலகையின் கழிவிலிருந்து ஐந்து துண்டு வெட்டுங்கள். ஓரப் பிசிறைத் தேய்த்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கி, ஸ்டீல் ஸ்கேலில் மொத்த உயரத்தை அளந்து ஐந்தால் வகுங்கள். 101 வந்தால் ஒரு பலகை 20.2.

இது சராசரிதான் என்பதை மறக்க வேண்டாம். பிளைவுட் ஒரே ஷீட்டுக்குள்ளேயே ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிசாகவும் இருக்கும். பட்டி அகலத்துக்கு வேண்டியது சராசரி இல்லை, இருப்பதிலேயே தடித்த இடம். வேலை பெரிதென்றால் ஒரு வெர்னியர் வாங்கிவிடுவதே நல்லது. நான்கு மூலை, ஒவ்வொரு பக்கத்தின் நடு என்று எட்டு இடம் அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பில் ரம்பப் பிசிறு தூக்கி நிற்கும். அதன்மேல் வைத்தால் இல்லாத தடிமனைக் காட்டும். வெர்னியரின் வாயை 15, 20 மி.மீ. உள்ளே தள்ளி அளவெடுங்கள்.

நூல் கணக்கில் பேசும் இடங்களில் இன்னொரு குழப்பம் வரும். ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்ச், கணக்குப்படி 19.05 மி.மீ. ஆனால் அந்தப் பெயரில் கைக்கு வரும் பலகை பெரும்பாலும் 18 தான். பட்டி ஆர்டர் கொடுக்கும்போது நூலை விட்டுவிட்டு மி.மீ.யில் எழுதிக் கொடுங்கள்.

கே: முந்தைய வேலையில் மிஞ்சிய 30 அகலப் பட்டி ஒரு சுருள் இருக்கிறது. 20 மி.மீ. பலகைக்கு அதையே ஒட்டிச் சீவிவிட்டால் என்ன?

ப: மெஷினில் வேண்டாம். துருத்தும் பட்டியைச் சீவும் (ட்ரிம் செய்யும்) கட்டர்கள் பக்கத்துக்கு இரண்டு, மூன்று மி.மீ. சீவுவதற்கென்று அமைந்தவை. 5 மி.மீ. துருத்தினால் சீவல் நீண்ட நாடாவாகக் கட்டரில் சுற்றும். சில சமயம் ஒட்டிய பட்டியையும் சேர்த்துப் பிய்த்துவிடும்.

கையால் ஒட்டினால் பயன்படுத்தலாம், ஆனால் நேரே ட்ரிம்மரை வைக்காதீர்கள். ஒரு பக்கம் 1.5 மட்டும் துருத்துமாறு வைத்து, மிச்சம் முழுவதையும் மறுபக்கம் தள்ளி ஒட்டுங்கள். பசை நன்றாகப் பிடித்த பிறகு, அந்த 8.5-ஐ முதலில் கத்தியால் 2 மி.மீ. அளவுக்குக் குறைத்துவிட்டு, அப்புறம் ட்ரிம்மர் ஓட்டுங்கள். 1 மி.மீ. வரையுள்ள பட்டிக்கு இது ஒத்துவரும். 2 மி.மீ. பட்டியைக் கத்தியால் நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருப்பதைவிடப் புதுச் சுருள் வாங்குவது மேல்.

கே: தடிமனில் 0.4, 0.8, 1, 2 என்று வருகிறது. எல்லா ஓரத்துக்கும் 2 மி.மீ. போட்டால் உறுதியாக இருக்கும்தானே?

ப: பட்டி தடித்தால் பலகை உறுதியாகிவிடாது, ஓரம்தான் இடி தாங்கும். அதனால் இடி வாங்கும் ஓரம் எது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கதவு, டிராயர் முகப்பு, மேஜைப் பலகை இவற்றுக்கு 2 மி.மீ. வேண்டும். பை, நாற்காலி, துடைப்பம் எல்லாம் மோதுவது இங்கேதான். தடிமன் இருப்பதால் விளிம்பை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடலாம், கையை அறுக்காது. மேஜையின் முன் ஓரத்தில் முழங்கை நாள்முழுதும் உரசும் என்பதால் உருட்டல் இல்லாத பட்டியை அங்கே போடவே கூடாது.

அலமாரிப் பெட்டியின் முன் ஓரம், உள் தட்டுகளின் முன் ஓரம், டிராயர் பெட்டியின் மேல் ஓரம் இவற்றுக்கு 0.8 அல்லது 1. இதை உருட்ட முடியாது, லேசாகச் சாய்த்துச் சீவலாம். சுவரை ஒட்டி நிற்கும் ஓரம், மேலே யாரும் பார்க்காத ஓரம், தரையை நோக்கிய ஓரம் இவற்றுக்கு 0.4 அல்லது 0.5 போதும். ஆனால் கட்டாயம் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓரம்தானே என்று விடப்படும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள பெட்டியின் அடி ஓரம்தான் முதலில் ஊறும். பலகையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைட் வாயுவும் மூடாத வெட்டுமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வெளிவருகிறது.

மெலிசான பட்டியில் இன்னொரு குறை, கீழே இருப்பதைக் காட்டிக்கொடுப்பது. பார்டிகிள் போர்டின் நடுப்பகுதி சொரசொரப்பானது. அதன்மேல் பளபளப்பான 0.4 பட்டி ஒட்டினால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஓரம் முழுக்க மேடுபள்ளம் தெரியும். பளபளப்பு வேண்டுமென்றால் 1 மி.மீ.க்குக் கீழே இறங்காதீர்கள்.

உள் தட்டுக்கும் 2 போடுவது வீண் செலவு. பார்வைக்கும் நன்றாக இருக்காது, ஒவ்வொரு தட்டையும் சட்டம் கட்டியதுபோல் ஆக்கிவிடும்.

கே: தொழில் கற்றுக்கொள்கிறேன். கதவுகளை அளந்து வெட்டி, 2 மி.மீ. பட்டி ஒட்டியபின் மாட்டினால் இரண்டு கதவும் இடிக்கின்றன. பட்டியின் தடிமனை எப்போது, எவ்வளவு கழிப்பது?

ப: ரம்பத்துக்குப் போகும் முன், வெட்டுப் பட்டியல் எழுதும்போதே கழிக்க வேண்டும். சட்டத்துக்குள் உட்காரும் இரண்டு கதவு, திறப்பு 900 அகலம், 720 உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

அகலத்தில் இரு ஓரமும் 2, 2 இடைவெளி, நடுவில் 3, மொத்தம் 7. 900-இல் 7 போக 893, இரண்டாகப் பிரித்தால் ஒரு கதவு 446.5. உயரத்தில் மேலே 2, கீழே 3, ஆக 715. இதுதான் பட்டி ஒட்டி முடித்த அளவு. நான்கு ஓரமும் 2 மி.மீ. பட்டி என்றால் அகலத்தில் 4, உயரத்தில் 4 கழியும். வெட்ட வேண்டியது 442.5 × 711. நீங்கள் 446.5 என்றே வெட்டியிருப்பீர்கள். அதனால் இரண்டு கதவுக்கும் சேர்த்து 8 மி.மீ. கூடி, இருந்த 7 மி.மீ. இடைவெளியையும் தின்றுவிட்டது.

வேலையை வெளியே மெஷினுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ப்ரீமில்லிங் உண்டா, பக்கத்துக்கு எவ்வளவு எடுக்கும்? பட்டி ஒட்டுவதற்கு முன் ஓரத்தை மெல்லியதாகச் சீவிப் புதுமுகம் எடுக்கும் கட்டர் அது. ரம்பம் சில்லு பெயர்த்த ஓரங்களைச் சுத்தமாக்கிவிடும், நல்ல வசதி. ஆனால் பக்கத்துக்கு 1 மி.மீ. சீவினால் அதையும் வெட்டு அளவில் கூட்டிக் கொடுக்க வேண்டும், 444.5 × 713 என்று. கேட்காமல் விட்டால் கதவு 2 மி.மீ. சிறுத்து வரும்.

0.4 பட்டிக்குப் பெரும்பாலோர் கழிப்பதில்லை. ஒற்றைக் கதவில் அது தெரியாது. ஐந்து டிராயர் முகப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது தெரியும். மேலும் கீழுமாக ஒவ்வொன்றுக்கும் 0.8, ஐந்துக்கு 4. கடைசி டிராயர் அடியில் உரசும்.

கீல் துளையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 35 மி.மீ. கப் கீலுக்கு (கதவின் உள்பக்க வட்டத் துளைக்குள் உட்காரும் கீல்), ஓரத்திலிருந்து துளையின் விளிம்பு வரை 5 மி.மீ. விட வேண்டும் என்றால், துளையின் மையம் முடித்த ஓரத்திலிருந்து 22.5-இல் வரும். பட்டி ஒட்டும் முன்பே துளைப்பதென்றால் வெறும் பலகையின் ஓரத்திலிருந்து 20.5. இதை மறந்தால் கதவு 2 மி.மீ. தள்ளி நிற்கும். கீலின் திருகைத் திருப்பி ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் அந்தத் திருகு இருப்பது கடைசி நேரச் சரிக்கட்டலுக்கு. அதை முதலிலேயே செலவழித்துவிட்டால் பிறகு கதவு தொங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

கே: கதவின் நான்கு ஓரத்தில் எதை முதலில் ஒட்டுவது?

ப: மேலும் கீழும் முதலில், நெட்டுக்குத்தான இரண்டு பக்கமும் பிறகு. அப்போது பக்கப் பட்டி, மேல் கீழ்ப் பட்டிகளின் முனையை மூடிவிடும். இணைப்புக் கோடு மேலேயும் கீழேயும்தான் தெரியும், முன்னால் நிற்பவர் பக்கவாட்டில் பார்த்தாலும் கண்ணில் படாது. ஒவ்வொரு ஓரம் முடிந்ததும் முனையை வெட்டி, அரத்தால் மட்டமாக்கிய பிறகுதான் அடுத்தது. முனையில் 0.2 துருத்தியிருந்தாலும் பக்கப் பட்டி அங்கே தூக்கி நிற்கும், அந்த மூலையிலிருந்துதான் பின்னால் உரிய ஆரம்பிக்கும். அரத்தைப் பலகையை நோக்கித் தள்ளும் திசையில் மட்டும் ஓட்டுங்கள். திரும்ப இழுக்கும்போது அழுத்தினால் பட்டியை ஓரத்திலிருந்து நெம்பியதாகிவிடும்.

கே: நாங்கள் ஒட்டிய பிவிசி பட்டி சில மாதத்தில் உரிந்து வருகிறது. ஒரு வேலையில் ரப்பர் பசை, இன்னொன்றில் மெஷின் உருக்கிப் பூசும் ஹாட்மெல்ட் பசை. இரண்டிலும் இதே தொல்லை. பட்டி மட்டமா, பசை மட்டமா?

ப: உரிந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள், பதில் அதன் முதுகில் இருக்கிறது.

ஹாட்மெல்ட் வேலையில், பசை முழுக்கப் பலகையிலேயே தங்கி, பட்டியின் முதுகு துடைத்ததுபோல் இருந்தால் பசை பட்டியைப் பிடிக்கவே இல்லை. பட்டி குளிர்ந்திருந்திருக்கலாம், முதுகில் பசை பிடிப்பதற்கான ப்ரைமர் பூச்சு சரியில்லாமல் இருக்கலாம், அல்லது பலகை மெதுவாக நகர்ந்து பசை ஆறிய பிறகு பட்டி வந்து சேர்ந்திருக்கலாம். மாறாகப் பசை முழுக்கப் பட்டியோடு வந்து, அதில் மரத்தூள் அப்பியிருந்தால் பலகை ஓரத்தைத் துடைக்கவில்லை, அல்லது பலகை சில்லிட்டிருந்தது. பசையில், அதைப் பூசும் உருளையின் புள்ளி அச்சு நசுங்காமல் அப்படியே தெரிந்தால் அழுத்து உருளையின் அழுத்தம் போதவில்லை, அல்லது பசை அதற்குள் இறுகிவிட்டது. பலகையின் நாரையோ தூளையோ பெரிய பெரிய பொட்டாகப் பிய்த்துக்கொண்டு வந்தால் ஒட்டு நன்றாகவே இருந்திருக்கிறது, பலகைதான் பலவீனம்.

இவிஏ வகை ஹாட்மெல்ட்டுக்குப் பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சரியான எண் பசைப் பையில் அச்சிட்டிருக்கும். மெஷின் முகப்பு காட்டும் சூடும் உருளையில் இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் உருளையில் தனியாக அளந்து பாருங்கள். பலகையும் பட்டியும் குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்தால் ஒருநாள் பட்டறைக்குள் வைத்து, 18 டிகிரிக்கு மேல் வந்த பிறகு ஓட்டுங்கள். இவிஏ ஒட்டு 70, 80 டிகிரியில் மறுபடி இளகத் தொடங்கும். அடுப்பை ஒட்டிய கதவிலும், ஆவி அடிக்கும் இடத்திலும் பட்டி நழுவுவது இதனால். அந்த ஓரங்களுக்குப் பியுஆர் பசை கேளுங்கள். அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுவதால் பிறகு சூட்டுக்கு உருகாது.

ரப்பர் பசையில் நடக்கும் தவறு வேறு. பிளைவுட், பார்டிகிள் போர்டு இரண்டின் ஓரமும் பசையை உறிஞ்சும். ஒரு கோட்டு அடித்தால் மேலே எதுவும் மிஞ்சாது. ஓரத்துக்கு இரண்டு கோட்டு, பட்டியின் முதுகுக்கு ஒன்று. முதல் கோட்டு காய்ந்த பிறகே இரண்டாவது. கடைசிக் கோட்டுக்குப் பின் விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலோடு இழுத்துக்கொண்டு வரக்கூடாது. அதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். ஈரக் காற்று உள்ள நாளில் இன்னும் கூடும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே அடைபட்ட கரைப்பான் வெளியேற வழியின்றிக் குமிழியாகத் தூக்கும். ஒட்டியதும் சுத்தியலால் தட்டாமல் ரப்பர் உருளையால் பலமாக அழுத்தி உருட்டுங்கள். இந்தப் பசை பிடிப்பது அழுத்தத்தால், எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பதால் அல்ல.

பிளைவுட் ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் மரப்புட்டி வைத்து, காய்ந்ததும் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். ஓட்டையின் மேல் பட்டிக்குப் பிடிமானமே இல்லை, விரல் பட்டாலே அங்கே குழியும்.

கே: ட்ரிம்மர் ஓட்டியபின் அடர் நிறப் பட்டியில் வெள்ளைக் கோடு விழுகிறது. பட்டியின் சாயம் போய்விட்டதா?

ப: சாயம் போகவில்லை. மழுங்கிய கட்டர் பிவிசியை அறுக்காமல் கிழிக்கிறது, கிழிபட்ட இடம் வெளுத்துத் தெரிகிறது. கட்டரை மாற்றுங்கள். விழுந்த கோட்டுக்கு ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து வேகமாக ஒருமுறை ஓட்டினால் நிறம் பெருமளவு திரும்பும். நின்று நிதானித்தால் பட்டி சுருங்கிவிடும்.

கே: அலுமினிய யு வடிவ ஓரச் சட்டம் போட ஆசை. அதற்கும் இந்த 2 மி.மீ. கூடுதல் கணக்குத்தானா?

ப: அடியோடு வேறு கணக்கு. ஒட்டும் பட்டியைச் சீவிக்கொள்ளலாம், யு சட்டத்தைச் சீவ முடியாது. அளந்த தடிமன் 20.0 என்றால் சட்டத்தின் உள் அகலம் 20.3 முதல் 20.5. சரியாக 20 இருந்தால் ஏற்றும்போது மைக்காவை வழித்துக்கொண்டு போகும். 21 இருந்தால் தளர்ந்து ஆடும், பசையால் நிரப்ப வேண்டிவரும், பலகை ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். கடையில் 18 பலகைக்கான சட்டம் என்று கொடுப்பது பெரும்பாலும் ப்ரீலேம் பலகையை மனதில் வைத்துத்தான். மைக்கா ஒட்டிய பிளைவுட் அதில் நுழையாது. மைக்கா ஒட்டிய துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் நுழைத்துப் பாருங்கள். வெட்டு அளவில் கழிக்க வேண்டியது சட்டத்தின் முதுகுத் தடிமன் மட்டும். 1.2 தடிமன் சட்டம் இரு பக்கமும் வந்தால் 2.4.

டி வடிவப் பட்டி, அதாவது ஓரத்தில் காடி என்னும் நீளப் பள்ளம் எடுத்து அடித்து இறக்கும் வகை, இன்னும் கறாரானது. அதன் தலை அகலம் பலகைத் தடிமனோடு ஒன்ற வேண்டும். காடி துல்லியமாக நடுவில் ஓட வேண்டும். அரை மி.மீ. விலகினால் ஒரு பக்கம் தலை துருத்தும், மறுபக்கம் பலகை தெரியும். பலகையின் தடிமன் இடத்துக்கிடம் மாறும் பிளைவுட்டில் இதைத் தவிர்ப்பது நல்லது, மரநாரை அழுத்திச் செய்த, சீரான எம்டிஎஃப் பலகையில் அழகாக வரும். காடியின் ஆழம் பட்டியின் தண்டைவிட 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். மிச்சத் தூள் அடியில் தங்கினால் பட்டி முழுதாக இறங்காது.

கே: மூலை வளைவான மேஜைக்கு 2 மி.மீ. பட்டி வளையுமா?

ப: வெளிவளைவுக்கு வளையும், சூடு காட்டினால். குளிர்ந்தபடி வளைத்தால் வளைவில் வெளுக்கும், அல்லது நாளடைவில் நிமிர்ந்து பசையை விட்டு வரும். மூலையின் ஆரத்தை 30-க்குக் குறைக்காமல் வெட்டச் சொல்லுங்கள். 50 இருந்தால் கைவேலைக்கே சிரமமில்லை. அதைவிடச் சிறிய மூலை வேண்டுமானால் 1 மி.மீ. பட்டிக்கு இறங்கிவிடுங்கள். பட்டியின் இரு முனையும் சந்திக்கும் இடத்தை மூலையில் வைக்காமல், சுவர்ப்பக்கம் வரும் நேர் ஓரத்தின் நடுவில் வையுங்கள்.

கே: எத்தனை மீட்டர் வாங்குவது என்று கணக்கிடுவது எப்படி? பட்டறையில் கிடக்கும் பாதிச் சுருளில் எவ்வளவு மிச்சம் என்று பிரித்து அளக்காமல் சொல்ல முடியுமா?

ப: மேலே சொன்ன 446.5 × 715 கதவின் சுற்றளவு 2323. ஒவ்வொரு ஓரத்துக்கும் இரு முனையிலும் 30 கூடுதலாக விட வேண்டும், நான்கு ஓரத்துக்கு 240. ஒரு கதவுக்கு 2563, பத்துக் கதவுக்கு 25.6 மீட்டர். கெட்டுப்போகும் துண்டுகளுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. தனி, 0.8 தனி என்று தடிமன்வாரியாகக் கூட்டுங்கள், அகலமும் மாறினால் அதையும் பிரியுங்கள். முழு வேலைக்கும் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்குவது முக்கியம். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் தொகுதி மாறினால் சாயம் ஒரு பொடி விலகும், அருகருகே நிற்கும் கதவுகளில் அது தெரியும். மைக்காத் துண்டோடு ஒப்பிடும்போது பகல் வெளிச்சத்திலும், அறையில் எரியப்போகும் விளக்கிலும் பார்த்துவிடுங்கள்.

பாதிச் சுருளுக்கு வழி இருக்கிறது. சுருளின் வெளி விட்டத்தையும் உள் விட்டத்தையும் அளந்து, இரண்டையும் தனித்தனியாக வர்க்கமாக்கி, பெரியதில் சிறியதைக் கழித்து, 0.785-ஆல் பெருக்கி, பட்டியின் தடிமனால் வகுங்கள். வெளி விட்டம் 300, உள் விட்டம் 100 என்றால் 90,000-இல் 10,000 போக 80,000, 0.785-ஆல் பெருக்க 62,800. 2 மி.மீ. பட்டியானால் பாதி, 31,400 மி.மீ., அதாவது 31.4 மீட்டர். 0.8 பட்டியானால் 78.5 மீட்டர். சுற்றுகளுக்கு நடுவே காற்று இருக்கும், தளர்ந்த சுருளில் இன்னும் அதிகம். ஆகவே 2 மி.மீ. சுருளில் 31.4 என்று வந்தால் 29 மீட்டரை நம்பி வேலையைத் தொடங்கலாம்.